கிணற்றுக் கணக்கு

வேலூர் மாவட்டத்துப் பள்ளிகொண்டா பக்கத்தில் கிணற்று மோட்டாரில் காயில் எரிந்துபோனால் எங்கள் வீட்டுக்காரரைத்தான் தேடி வருவார்கள். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் தொழில் கற்று, 1974-ல் ஊர் திரும்பிக் கடை போட்டவர். போன தை மாதம் காலமானார். நல்ல மனுஷன் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் அவர் விட்டுப்போன டைரிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

வருஷா வருஷம் யாராவது ஒரு டைரி கொடுப்பார்கள். அதில் தேதியை எல்லாம் அவர் பார்க்க மாட்டார். பக்கத்துக்கு ஒரு கிணறு. யாருடையது, எத்தனை அடி, பைப்பின் அடிமுனையில் தண்ணீர் இறங்கிவிடாமல் பிடிக்கிற புட்வால்வு எத்தனை அடியில் தொங்குகிறது, சித்திரையில் தண்ணீர் எங்கே நிற்கிறது, பாக்கி எவ்வளவு. எதுக்கு இதெல்லாம் என்று கேட்டால், "அடுத்த தபா பைப்பு எத்தினி அடி எடுத்துனு போறதுன்னு தெரிய வேணாமா மே?" என்பார்.

பழைய டைரிகளில் முப்பது அடி, நாற்பது அடிக் கிணறுகள்தான். 3 எச்.பி. மோட்டாரே தாராளம். 1990 வாக்கில் விவசாயத்துக்குக் கரண்ட் இலவசமானது. அப்புறம் 5 எச்.பி., ஏழரை என்று ஏறியது. கிணற்றுக்குள்ளேயே போர், அதாவது ஆழ்துளைக் குழாய், இறக்கினார்கள். கடைசி டைரிகளில் எண்ணூறு அடி போட்டும் புகைதான் வந்தது என்று எழுதியிருக்கிறார். பாலாற்று மணல் லாரி லாரியாகப் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

போர் போடுவதா வேண்டாமா என்று கேட்டு வருகிறவர்களிடம், வேண்டாம் என்பார். பழைய கிணற்றைத் தூர் வாரு, பக்கத்து நிலத்துக்காரரோடு பேசி மாற்றி மாற்றி இறை என்பார். போர் போட்டால்தானே தண்ணீருக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டார் மாட்டுகிற வேலை நமக்கு வரும்? இதில் எனக்கு அவரோடு தீராத சண்டை. மூணு பேஸ் கரண்ட் ராத்திரியில் வருகிற நாட்களில் இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். புட்வால்வு ஒழுகுகிறது, சாணி கரைத்து ஊற்றியும் நிற்கவில்லை என்பார்கள். உடனே வண்டியை எடுப்பார். கூலிக்குப் பதில் மல்லாட்டை (நிலக்கடலை) வரும், இலவம்பாடிப் பக்கத்து முள்ளு கத்திரிக்காய் வரும். அந்தக் காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தபோது, "பாத்தியா, எனக்குக் கூலி இன்னா ஒசத்தியில வந்திருக்குதுன்னு" என்று பேரனிடம் பீற்றிக்கொண்டார்.

பிள்ளைகளுக்கு அவர் நைனா. அதிகம் பேசாத நைனா. கையில் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாடை போகாது. மகள் சின்னவளாக இருக்கும்போது அந்தக் கையால் சோறு ஊட்டினால் மூக்கைப் பிடித்துக்கொள்வாள். பேரப்பிள்ளைகளிடம் மட்டும் வாய் ஓயாது.

சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று வேலூரைக் கேலி பேசுவார்கள் இல்லையா, அதற்கு அவரிடம் ஒரு பதில் உண்டு. 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக் கோயிலில் வைத்தாயிற்று, பாதி சரியாகிவிட்டது, மீதியும் ஆகும் என்பார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பேரனை இழுத்துக்கொண்டு பார்க்கப் போய், போலீஸ் விரட்டித்தான் திரும்பினார். நனைந்த மோட்டார்கள் கடையில் குவிந்தன. எழுபது வயதில், ஒவ்வொன்றையும் பிரித்து 200 வாட்ஸ் பல்பு எரியவிட்டு ஈரம் வாங்கினார். அந்த மாதம் போல அவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பாதிப் பேரிடம் காசு வாங்கவில்லை, அது தனிக் கதை.

இப்போது பேத்தி அந்த டைரிகளை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். பாக்கிப் பத்தியை விட்டுவிடலாமா பாட்டி என்றாள். அதெல்லாம் முடியாது, ஏற்று என்றேன்.

போன மாதம் ஒடுகத்தூர் பக்கமிருந்து ஒருவர், அவர் தவறியது தெரியாமல் வந்தார். மூன்றாவது போர் போடவேண்டுமாம். டைரியைத் தேடி எடுத்து அவர் நிலத்துப் பக்கத்தைக் காட்டினேன்: இரண்டு போர் பொய்த்தது, இனி வேண்டாம், கிணறு தூர் வாரச் சொல்லியாச்சு, பாக்கி 350. மனுஷன் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரமே போர் வண்டியைக் கூப்பிட்டு இறக்கிவிட்டாராம். தண்ணீர் வரவில்லை. 350-ம் வரவில்லை.