மூன்று நட்சத்திர டீக்கடை

எம்.ஏ. பொருளாதாரத்தில் எகனாமெட்ரிக்ஸ் என்று ஒரு பேப்பர், பொருளாதாரத்தைப் புள்ளியியலால் அளக்கும் பாடம். ஹெட்டிரோஸ்கெடாஸ்டிசிட்டி என்பதை நாக்கு சுளுக்காமல் சொல்லவே எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் மேடம், "சொந்த டேட்டாவில் ஒரு ரிக்ரெஷன் போட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணக்குப் போடுவதுதான் ரிக்ரெஷன்.

டேட்டாவுக்கு எங்கே போவது? ஹாஸ்டல் எதிரே இருக்கும் டீக்கடை அண்ணனிடம் கெஞ்சி, கணக்கு நோட்டில் இருந்து 40 நாள் விவரத்தை எழுதி வந்தேன். தினமும் எத்தனை டீ போனது, கல்லாவில் எவ்வளவு விழுந்தது, அவ்வளவுதான்.

எந்தக் கிழமையில் டீ அதிகம் போகிறது என்று பார்க்க, ஏழு கிழமைக்கும் ஏழு டம்மி (அந்தக் கிழமை என்றால் 1, இல்லையென்றால் 0) போட்டு 'ஆர்' என்ற சாஃப்ட்வேரில் ஓட்டினேன். ஆறு கிழமைக்கு எண் வந்தது, ஞாயிறுக்கு மட்டும் 'என்ஏ', அதாவது விடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாஃப்ட்வேருக்கும் லீவு போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் போனில் புலம்பினால், "ஆறு கிழமையும் இல்லேன்னா ஏழாவதுதானே, அதை எதுக்குத் தனியா சொல்லணும்?" என்கிறார். தேவையில்லாத ஏழாவது டம்மியால் கணக்கு சிக்கிக்கொள்ளும் இந்த 'டம்மி ட்ராப்'புக்கு அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

சரி, கிழமையே வேண்டாம் என்று, கல்லாத் தொகையை டீ எண்ணிக்கை மீது ரிக்ரெஸ் செய்தேன். ஆர் ஸ்கொயர் 0.96 (1 வந்தால் கச்சிதமான பொருத்தம்), டீ எண்ணிக்கைக்கு வந்த எண்ணின் பக்கத்தில் மூன்று நட்சத்திரம் (இது தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று சாஃப்ட்வேர் போடும் குறி), எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நாளே வகுப்பில் எழுந்து நின்று, "மேடம், ஒரு டீ கூடினால் வருமானம் 12 ரூபாய் 3 காசு கூடுகிறது" என்றேன்.

"டீ என்ன விலைப்பா?"

"12 ரூபாய் மேடம்."

வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

சாயங்காலம் அண்ணனிடம் பேப்பரைக் காட்டி, ஒரு டீ கூட விற்காவிட்டாலும் 640 ரூபாய் வரும் என்கிறதே, இது எப்படி என்று கேட்டேன். "வடை, பன்னு" என்றார், ஆற்றிக்கொண்டிருந்த டீயில் இருந்து கண்ணை எடுக்காமல். 17-ஆம் தேதி மட்டும் கணிப்பைவிட 300 ரூபாய் குறைகிறது, ஏதோ எர்ரர் அண்ணே என்றேன். (எர்ரர் வேறு, கணிப்புக்கும் கிடைத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசமான ரெசிடுவல் வேறு என்று மேடம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் வீண்.) அண்ணன் நோட்டைப் புரட்டினார்.

"அன்னைக்கு உங்க ரூம்ல யாருக்கோ பர்த்டேன்னு 25 டீ வாங்கிட்டுப் போனீங்க தம்பி. காசு இன்னும் வரலை."

அங்கேயே நின்று ஜிபே செய்தேன்.