ஜெபாலயத்தில் ஒரு மதியம்

காட்பாடியில் ரயிலேறி ஜோலார்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் திருப்பத்தூருக்குச் சென்றபோது, என் வேதாகமத்துக்குள் ஒரு தாள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மகனுக்கு வேலை, மனைவியின் முழங்கால் வலி, வீட்டுமனைப் பத்திரச் சிக்கல் என ஏழு விண்ணப்பங்களை அதில் எண்ணிட்டு எழுதியிருந்தேன். பல ஆண்டுகளாக என் ஜெபம் இப்படித்தான் நடந்துவந்தது.

பழைய வடாற்காடு மாவட்டத்தின் ஊராகிய திருப்பத்தூரில், எஸ். ஜேசுதாசன் என்ற தமிழரும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் 1921-ஆம் ஆண்டு கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார்கள். இருவரும் மருத்துவர்கள், திருமணம் செய்துகொள்ளாமல் எளிய வாழ்க்கையை மேற்கொண்டு, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். பெரியண்ணன், சின்னண்ணன் என்றே அவர்களை அழைப்பார்கள். அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் திராவிடக் கோயிற்கலை முறையில் கட்டப்பட்டது. தமிழன் தன் ஆண்டவரைத் தன் மண்ணின் வடிவிலேயே தொழ வேண்டும் என்ற விருப்பத்தை அதில் காண்கிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று தரையில் அமர்ந்தேன். தாளைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபித்தேன். ஏழும் நான்கு நிமிடங்களில் முடிந்துவிட்டன. அதன்பின் அவரிடம் பேச எனக்கு ஒன்றுமே இருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக அப்பா என்று அழைத்துவந்தவரின் முன்னால், வேலை முடிந்ததும் எழுந்து போகத் துடிக்கும் அந்நியனைப் போல நான் இருந்ததை அந்த அமைதியில்தான் உணர்ந்தேன். அழுதேன். "நீங்கள் அப்பம் புசித்துத் திருப்தியானதினாலேயே என்னைத் தேடுகிறீர்கள்" என்று கப்பர்நகூமில் இயேசு மக்களிடம் சொன்ன வார்த்தை என்னைப் பார்த்தே சொன்னதுபோல் இருந்தது.

கேட்பது தவறென்று நான் சொல்லவரவில்லை. அன்றாட ஆகாரத்தைக் கேட்கும்படி கற்றுக்கொடுத்தவரும் அவரே. ஆனால் அந்த ஜெபத்தில் ஆகாரத்துக்கு முன்பாகப் பிதாவின் நாமமும் ராஜ்யமும் சித்தமும் வருகின்றன. வேதாகமத்தில் ஆசாப் என்ற பாடகன் பாடிய 73-ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு பொறாமையால் வெந்துபோன ஆசாப், தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் பிரவேசித்த பின்பே தெளிவடைகிறான். அவனுக்குச் செல்வம் வந்ததாகவோ துன்பம் நீங்கியதாகவோ அந்தச் சங்கீதத்தில் ஒரு வரிகூட இல்லை. இருந்தும், "பூலோகத்தில் உம்மைத் தவிர எனக்கு வேறே விருப்பமில்லை" என்கிறான். "எனக்கோ, தேவனை அண்டிக்கொண்டிருப்பதே நலம்" என்று முடிவுக்கு வருகிறான். அண்டிக்கொண்டிருத்தல் என்ற அந்தச் சொல்லை எத்தனையோ முறை வாசித்தும் நின்று கவனித்ததில்லை. மழைக்குச் சுவரோரம் ஒண்டும் ஆட்டுக்குட்டி அந்தச் சுவரிடம் எதையும் கேட்பதில்லை. அப்படியே நானும் வாய்மூடி அமர்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கால்கள் மரத்துப்போயிருந்தன.

மறுநாள் விடியற்காலையில், சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் அந்தத் தாளை எடுக்காமலேயே ஜெபத்துக்கு அமர்ந்தேன். ஐந்து நிமிடங்களுக்குள் மகனின் நினைவு வந்துவிட்டது. ஆண்டவரிடம் அவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மறுபடியும் அவர் அருகில் பேசாமல் இருந்தேன்.