உள்ளரங்க மகளிர் ஹாக்கி: இரண்டாம் பிரிவின் கணக்கு

ஐரோப்பிய மகளிர் உள்ளரங்க ஹாக்கியில் மேல் பிரிவைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். இரண்டாம் பிரிவைப் பார்க்காமல் விடுவது பெரிய இழப்பு. எட்டு அணிகள், மூன்று நாள், மொத்தம் 20 ஆட்டங்கள். முதல் இரண்டு அணிகள் மேலே ஏறும், கடைசி இரண்டு மூன்றாம் பிரிவுக்கு இறங்கும். நடுவில் மாட்டிக்கொள்ளும் நான்கு அணிகளுக்கும் ஞாயிறு வரை நிம்மதி கிடையாது.

இந்தத் தொடரைப் புரிந்துகொள்ள முதலில் தெரிய வேண்டியது, புள்ளிகளைச் சுமந்து செல்லும் முறை. வழக்கமான அமைப்பில் நான்கு நான்கு அணிகளாக இரண்டு குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் மேலே ஏறப் போட்டியிடும் குழுவுக்கும், மற்ற இரண்டும் தப்பிப் பிழைக்கும் குழுவுக்கும் போகும். உடன் வரும் அணியோடு ஏற்கெனவே ஆடிய ஆட்டத்தின் முடிவு மட்டும் அங்கே செல்லும். மற்றதெல்லாம் அழிந்துவிடும்.

ஓர் உதாரணம். அ அணி, இ அணியை 8-0 என்றும் ஈ அணியை 9-1 என்றும் நொறுக்குகிறது. ஆ அணியிடம் மட்டும் 2-3 எனத் தோற்கிறது. ஆ அணி, ஈ அணியை 2-1 என வென்று, இ அணியிடம் 1-2 எனத் தோற்கிறது. இ, ஈ ஆட்டம் 1-1. அ, ஆ இரண்டுக்கும் 6 புள்ளி. கோல் வித்தியாசத்தில் அ முதலிடம். ஆனால் அடுத்த கட்டத்தில் அ தொடங்குவது 0 புள்ளியோடு, ஆ தொடங்குவது 3 புள்ளியோடு! அந்த 17 கோலும் போன இடம் தெரியாது. இ அணியின் நிலை இன்னும் பாவம். ஆ அணியை வீழ்த்திய அந்த அருமையான வெற்றி அங்கேயே நின்றுவிடும். கீழ்க் குழுவுக்கு அவர்கள் கொண்டுபோவது டிராவில் வந்த ஒரே ஒரு புள்ளி.

பலவீனமான அணியை எட்டு கோல் அடித்து வென்ற பிறகும் முதல் ஐவரையே களத்தில் ஓடவிடும் பயிற்சியாளர் தவறு செய்கிறார். ஒரு நேரத்தில் களத்தில் இருப்பது கோல்கீப்பரும் ஐவரும். 12 பேர் கொண்ட அணியில் இரண்டு கோல்கீப்பர் போக, களத்துக்குப் பத்துப் பேர். ஓர் ஆட்டம் பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. மூன்று நாளில் ஐந்து ஆட்டம், அதாவது 200 நிமிடம். ஐந்தைந்து பேராக மாற்றி மாற்றி இறக்கினால்தான் ஞாயிற்றுக்கிழமைக்குக் கால் மிச்சமிருக்கும்.

கோல்கீப்பரை வெளியே எடுக்கும் முடிவும் இதே கணக்குதான். ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கீப்பரை எடுத்துவிட்டு ஆறாவது களவீரரை இறக்கினால், ஐவருக்கு எதிராக ஆறு பேர். பந்தைப் பறிகொடுத்தால் காலி கோல். உடன் செல்லப்போகும் ஆட்டத்தில் 2-3 தோல்வி 2-5 ஆனால், அந்தக் கோல் வித்தியாசமும் கூடவே வரும். கடைசி நாளில், வென்றே ஆக வேண்டிய ஆட்டத்தில் அந்தப் பயமில்லை; அங்கே மூன்று நிமிடம் இருக்கும்போதே எடுக்கலாம்.

அரங்கம் பெரும்பாலும் கைப்பந்து என்கிற ஹேண்ட்பால் கூடம்தான். 40-க்கு 20 மீட்டர் தரை, 3 மீட்டர் அகலம் 2 மீட்டர் உயரக் கோல், 7 மீட்டர் பெனால்ட்டி இடம், 9 மீட்டர் வளைவு, எல்லாமே இரண்டு விளையாட்டுக்கும் பொருந்திவிடுகின்றன. ஹேண்ட்பாலில் 9 மீட்டர்க் கோடு விட்டுவிட்டு வரும். ஹாக்கிக்கு அதைத் தொடர்கோடாக்க வேண்டும். கூடுதலாகத் தேவைப்படுவது பக்கக்கோடு நெடுக வைக்கும் பலகை. 10-க்கு 10 சென்டிமீட்டர் கட்டை, உள்பக்கம் 10 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கும், பந்து எகிறாமல் இருக்க. இரண்டு பலகை சேரும் இடத்தில் சற்றே இடைவெளி இருந்தாலும் போதும், வேகமாக வரும் பந்து துள்ளிவிடும். கோலை நோக்கி அடிக்கும்போது தவிர பந்தைத் தூக்கக் கூடாத ஆட்டத்தில் அந்தத் துள்ளல் தொல்லைதான். போட்டி தொடங்குமுன் இணைப்புகளைக் கையால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே ஓங்கி அடிக்கவே கூடாது, தள்ளலாம், சுண்டலாம். தடுப்பாட்டக்காரர் முழங்காலை மடக்கி, மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து வழியை அடைப்பார். அப்போது இடது கை விரல்முட்டிகள் தரையில் உரசும். தடித்த இடக்கை உறை எதற்கு என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும். முழங்கால் தரையில் பட்டுவிட்டால் மட்டும் பந்தை ஆடக் கூடாது. களைத்துப்போன கால்கள் சனிக்கிழமை மாலை செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். பந்தோடு மூலையில் போய்ப் பலகையில் முட்டி நிற்பது இன்னொன்று: ஒரு பக்கம் கட்டை, இரண்டு பக்கம் எதிரணி மட்டைகள், வெளியே வர வழியே இல்லை.

பெனால்ட்டி கார்னரில், அதாவது எதிரணியின் தவறுக்காகப் பின்கோட்டிலிருந்து தொடங்கக் கிடைக்கும் கோல் வாய்ப்பில், பந்து கோல் கம்பத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி வைக்கப்படும். கீப்பர் கோலுக்குள். தடுக்கும் அணியின் மற்றவர்கள் பின்கோட்டுக்கு வெளியே, பந்து இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம். அதனால் ஓடிவந்து அடைக்கக் கிடைப்பது ஒரு மூச்சு நேரம்தான். பந்து வட்டத்துக்கு, அதாவது அந்த 9 மீட்டர் வளைவுக்கு, வெளியே போய் வந்த பிறகே கோல் அடிக்கலாம். பின்கோட்டிலிருந்து பந்தை ஆட்டத்துக்குள் தள்ளிவிடுபவரின் தள்ளல் ஒரு சாண் தவறினாலும் வாய்ப்பு போயிற்று. அடிப்பவரைவிடத் தள்ளுபவருக்கு அதிகப் பயிற்சி வேண்டும் என்றே சொல்வேன்.

பச்சை அட்டைக்கு ஒரு நிமிடம், மஞ்சளுக்குக் குறைந்தது இரண்டு நிமிடம் வெளியே. 40 நிமிட ஆட்டத்தில் இரண்டு நிமிடம் நால்வரோடு ஓடுவது சாதாரணமில்லை.

புல்தரை ஹாக்கியின் பெரிய பெயர்களை வைத்து இங்கே யாரையும் எடைபோட முடியாது. 2023-இல் பிரிட்டோரியாவில் நடந்த உள்ளரங்க உலகக் கோப்பை மகளிர் இறுதியில் நெதர்லாந்தை எதிர்கொண்டது, புல்தரையில் பெரிய பெயர் இல்லாத ஆஸ்திரியா. ஆகவே இரண்டாம் பிரிவின் அட்டவணை வெளியானதும், ஒவ்வொரு குழுவிலும் மேலே வரக்கூடிய இரண்டு அணிகள் தங்களுக்குள் மோதும் ஆட்டம் எந்த நாளில் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை காலையிலேயே இருந்தால், முதல் விசிலிலிருந்தே பார்க்க உட்காருங்கள்.