கறுப்பு இறங்கியும் உடையாத சோப்புப் படலம்

கம்பி வளையத்தில் பிடித்த சோப்புப் படலத்தின் மேல் விளிம்பில் கறுப்புப் பட்டை (படலம் மிகவும் மெலிந்த இடம்) தெரிந்தால் அதற்கு ஆயுசு முடிந்தது என்பதுதான் நம்மில் பலரின் கணக்கு. இப்போது என் படலத்தில் கறுப்பு பாதி உயரம் வரை இறங்கிவிட்டது, ஆனாலும் அது கல்லுப்போல நிற்கிறது! கரைசல் பழையதுதான். மாறியது, படலத்தை மூடிய ஜாடிக்குள் வைத்தது மட்டுமே.

கம்பி வளையத்தைக் கண்ணாடி ஜாடிக்குள் செங்குத்தாக நிறுத்தி, அடியில் அதே கரைசலைக் கொஞ்சம் ஊற்றி இறுக மூடினேன். படலத்திலிருந்து நீர் கீழே வடியும், காற்றிலும் ஆவியாகும். ஜாடிக்குள் ஈரம் நிறைந்ததும் ஆவியாவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வடிவது தொடர்ந்தாலும் அதனால் மட்டும் படலம் சாவதில்லை. சில பத்து நானோமீட்டர் அளவுக்கு மெலிந்ததும், இரு பக்கச் சோப்பு அடுக்குகளின் ஒரே வகை மின்னூட்டம் ஒன்றையொன்று தள்ளி, மேலும் மெலியாமல் தடுக்கிறது. திறந்த வெளியில் அந்த நிலையிலும் காற்று நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஒரு சின்ன அசைவு போதும்.

உண்மையான பாடு, பார்ப்பதில்தான். மஞ்சள் குண்டு பல்பு வைத்தால் ஜாடி சூடாகி, உட்சுவரில் பனி படிந்து ஒன்றும் தெரியாது. எல்இடிக்கு மாறினால் படலத்தில் ஒற்றைப் பளிச்சுப் புள்ளி மட்டும். விளக்குக்கு முன்னால் பால்வெள்ளை பிளாஸ்டிக் தகடு, படலத்துக்குப் பின்னால் கறுப்புத் துணி, விளக்கின் பிரதிபலிப்பு கண்ணில் விழும் கோணம்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் நிறப்பட்டைகள் முழுசாகத் தெரிகின்றன. முன்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் கறுப்புப் பகுதி ஓட்டை மாதிரியே இருக்கும். நிஜ ஓட்டையாக இருந்தால் கீழே உள்ள நிறங்கள் தங்கியிருக்காது. பரப்பு இழுவிசை ஓட்டையின் விளிம்பைச் சுருட்டிக்கொண்டே ஓடும். ஆய்வாளர்கள் டெய்லர் 1959-லும் குலிக் 1960-லும் தந்த சூத்திரப்படி, படலம் மெலிய மெலிய அந்த ஓட்டத்தின் வேகம் கூடும். 1 மைக்ரோமீட்டர் தடிமனில் நொடிக்கு சுமார் 7 மீட்டர், 100 நானோமீட்டரில் 20 மீட்டருக்கும் மேல். நொடிக்கு 240 படம் எடுக்கும் என் ஃபோனில் ஒரு படத்தில் படலம் இருக்கிறது, அடுத்ததில் வெறும் கம்பி. பெயர்தான் ஸ்லோ மோஷன்!

சோப்புக் கரைசலில் சேர்க்கக் கிளிசரின் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: மருந்துக்கடைச் சரக்கே போதும், ‘குமிழிக்கென்றே’ விற்கும் பாட்டிலுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். வாசனை சேர்த்தது மட்டும் வேண்டாம்.

பிரான்சின் லீல் பல்கலைக்கழகக் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில், நீர், கிளிசரின், பிளாஸ்டிக் நுண்துகள் கொண்டு செய்த குமிழி 465 நாள் தாக்குப்பிடித்தது. எனக்கும் ஆசைதான், ஆனால் அந்தத் துகளைச் சில்லறையில் தர ஆளில்லை. சரி, அதற்குமுன் இந்த ஜாடியின் மூடியிலேயே ஊசித் துளை போட்டுப் பார்க்க வேண்டும். ஆவியாதல்தான் குற்றவாளி என்றால், துளை பெரிதாகப் பெரிதாக ஆயுள் குறைய வேண்டும்.