மைனஸ் ஆறில் மூன்றாவது செல்ஃப்: லித்தியம் பேட்டரி போட்டுப் பார்த்த அனுபவம்

என் வண்டி 400 சிசி பைக், ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர் காலத்தது. கிக்கர் கிடையாது. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. குளிர்காலத்திலும் இதைத்தான் ஓட்டுகிறேன். போன குளிரோடு பழைய லெட் ஆசிட் பேட்டரி ஓய்ந்துபோனது. அந்த இடத்தில் அதே அளவு லித்தியம் பேட்டரி ஒன்றை வாங்கிப் போட்டேன். காரணம் கேட்டால், எடை குறையும் என்ற ஆசைதான், வேறொன்றுமில்லை. அப்போதிருந்து நோட்டில் கிறுக்கி வைத்தவற்றில் உருப்படியானதை மட்டும் எடுத்து எழுதுகிறேன்.

மாட்டிய நாள், 19 டிகிரி

முதல் வேலையாக இரண்டையும் தராசில் வைத்தேன். பழையது 2.9 கிலோ, புதியது 0.7 கிலோ. கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத டப்பாவோ என்று சந்தேகம் வருகிறது. 2.2 கிலோ மிச்சம் என்பது காதுக்கு இனிமையாக இருக்கிறது, சரி. ஆனால் அது ஏறக்குறைய மூன்று லிட்டர் பெட்ரோலின் எடை. டேங்க் பாதி காலியானாலே அதைவிட அதிகம் குறைந்துவிடும். ஓட்டிப் பார்த்ததில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அப்புறம் லேபிள். பெரிய எழுத்தில் 180 சிசிஏ (கடுங்குளிரில் செல்ஃப் அடிக்கக் கிடைக்கும் ஆம்பியர்) என்றும், லெட் ஆசிடில் 9 ஆம்பியர் அவருக்கு (Ah, அதாவது சேமிப்பின் அளவு) சமம் என்றும் போட்டிருந்தார்கள். மூலையில் பொடி எழுத்தில் 36 வாட் அவர். நம்ப வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். 36-ஐ 12-ஆல் வகுத்தால் 3 ஆம்பியர் அவர். பழைய பேட்டரி 8. 'சமம்' என்பது செல்ஃப் அடிக்கும் தெம்புக்குப் பொருந்தும், சேமிப்புக்குப் பொருந்தாது. சிசிஏ என்பதும் லெட் ஆசிட் உலகத்துக் கணக்கு. மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி அந்த ஆம்பியரைக் கொடுத்த பிறகும் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. இந்தக் குட்டி டப்பா மைனஸ் 18-ல் அதைச் செய்யுமா என்ற கேள்வியை அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

'லித்தியமா, தீப்பிடிக்குமே' என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். இது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த பொருள். பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் லேசில் வெளியேறாது. போன்களில் இருக்கும் கோபால்ட் வகையைவிட இது சாது. அதற்காக என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை.

மாட்டும்போது வழக்கமான கூத்து. டெர்மினலுக்குப் பின்னால் சதுர நட் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். மேலிருந்து போல்ட்டை விட்டால் நட் கீழே இறங்கிக்கொள்ளும், போல்ட் அதைத் தொடாமலே சுற்றும். ஸ்க்ரூ டிரைவரால் குத்தி, விரலால் தூக்கி, இரண்டு முறை வண்டிக்குள்ளேயே தவறவிட்டேன். கடைசியில் பேட்டரியோடு வந்த ஃபோமில் ஒரு துண்டு கிள்ளி நட்டுக்கு அடியில் திணித்தேன். நட் மேலேயே நின்றது, போல்ட் ஒரே சுற்றில் பிடித்தது. இந்தத் தந்திரம் தெரியாமல் எத்தனை வருடம் போய்விட்டது!

ஓய்வில் மீட்டர் 13.3 வோல்ட் காட்டியது.

11 டிகிரி, அப்புறம் 3 டிகிரி

11 டிகிரியில் பழைய பேட்டரி புதிதாக இருந்தபோதுகூட இவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. சோக் இழுத்து பட்டனைத் தொட்டதும் எடுத்தது. பெருமையாகத்தான் இருந்தது. 3 டிகிரியில் முதல் சுற்று கொஞ்சம் தயங்கி, பிறகு சரியானது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எல்லாமே அந்தத் தயக்கத்திலேயே இருந்தது என்று இப்போது தெரிகிறது.

மைனஸ் 6

ராத்திரி முழுக்க வண்டி ஷெட்டில். காலையில் இக்னிஷன் ஆன் பண்ணி பட்டனை அமுக்கினேன். இன்ஜின் அரைச் சுற்று நகர்ந்து நின்றது. மீண்டும் அமுக்க மனம் வரவில்லை. லெட் ஆசிடில் பழகிய கைக்கு ஒரு பாடம் மனப்பாடம்: குளிரில் ஒவ்வொரு அடிக்கும் பேட்டரி இறங்கும், அதனால் சிக்கனமாக அடி, ஹெட்லைட்டைத் தொடாதே. ஆக, சீட்டைக் கழற்றி, பேட்டரியைக் கழற்றி, வீட்டுக்குள் கொண்டுபோய் மீட்டர் வைத்தேன். 13.3! டெர்மினலைத் தேய்த்தேன், எர்த் வயரைப் பிரித்துப் பார்த்தேன், பட்டனைச் சந்தேகப்பட்டேன். ஒரு மணி நேரம் இப்படிப் போனது. திரும்ப மாட்டியதும் முதல் அடியிலேயே எடுத்தது. எர்த் வயரைச் சரிசெய்ததால்தான் என்று நினைத்துத் திருப்தியாக வேலைக்குப் போனேன். சரியானது எர்த் அல்ல, அந்த ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருந்து பேட்டரி சூடானதுதான். சாயங்காலம் யோசித்தபோதுதான் உறைத்தது.

மறுநாள், மறுபடி மைனஸ் 6

இந்த முறை டெர்மினலில் மீட்டர், செல்ஃப் வயரில் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர். ஒவ்வொரு அடியும் நான்கு விநாடி, இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. முதல் அடியில் 13.3-லிருந்து 8.6-க்கு விழுந்தது, மின்னோட்டம் 70 ஆம்பியர் அளவில். இரண்டாவதில் 9.4. மூன்றாவதில் 10.1, இன்ஜின் எடுத்துவிட்டது. அடிக்க அடிக்க பேட்டரிக்கு பலம் கூடுகிறது. நான் இதுவரை பழகிய எல்லாவற்றுக்கும் நேர் எதிர்.

காரணம் ஒன்றும் மர்மமில்லை. குளிரில் செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் கெட்டிப்படுகிறது, அயனிகள் நகர மறுக்கின்றன, உள்மின்தடை எகிறுகிறது. சார்ஜ் எங்கும் போய்விடவில்லை, வெளியே வரும் வழிதான் குறுகிவிட்டது. அந்தக் குறுகிய வழியில் மின்சாரத்தை இழுத்தால் உள்ளேயே சூடு பிறக்கிறது, அந்தச் சூட்டில் வழி கொஞ்சம் திறக்கிறது. லெட் ஆசிடிலும் சூடு பிறக்கத்தான் செய்யும். ஆனால் நான்கு மடங்கு எடைக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. தவிர அங்கே தட்டுகளை ஒட்டியிருக்கும் ஆசிட் ஒவ்வொரு அடிக்கும் நீர்த்துப்போகிறது.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. லித்தியம் போட்டவர்கள் எல்லாரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: ஹெட்லைட்டை ஐந்து நிமிடம் போட்டு வை, பேட்டரி விழித்துக்கொள்ளும். செய்து பார்த்தேன். 55 வாட் பல்பு, 4.5 ஆம்பியர் இழுத்தது, வோல்டேஜ் 12.6. அதாவது 0.7 வோல்ட் உள்ளே தொலைகிறது. 0.7 பெருக்கல் 4.5, சுமார் 3 வாட். ஐந்து நிமிடத்துக்கு 950 ஜூல் சூடு. செல்ஃப் அடிக்கும்போது தொலைவது 4.7 வோல்ட், 70 ஆம்பியரில் சுமார் 330 வாட். நான்கே விநாடியில் 1,300 ஜூல். செல்களின் எடை அரை கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு அடிக்கு இரண்டரை டிகிரி.

செலவு எப்படி என்று பார்த்தால் கணக்கு இன்னும் வேடிக்கை. ஹெட்லைட்டுக்கு ஐந்து நிமிடத்தில் 0.37 ஆம்பியர் அவர், மொத்தக் கையிருப்பில் எட்டில் ஒரு பங்கு. ஒரு செல்ஃப் அடிக்கு 0.08-க்கும் கீழே. காசு கொஞ்சமாகச் செலவழித்து சூட்டை அதிகமாக வாங்குவது செல்ஃப்தான். ஹெட்லைட் வைத்தியம் பொய் என்று சொல்லவில்லை. லைட் எரியும்போதே வோல்டேஜ் மெல்ல ஏறுவதை நானே பார்த்தேன். முதல் அடியில் ரிலே (செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) 'டக்டக்டக்' என்று துடித்தால் ஒரு நிமிடம் லைட் போடுவதில் அர்த்தம் உண்டு. 3 ஆம்பியர் அவர் பேட்டரியை ஐந்து நிமிடம் லைட்டில் கரைப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அதே சமயம் பட்டனை அமுக்கியே வைத்திருக்கவும் கூடாது. சுற்றாமல் நிற்கும் செல்ஃப் மோட்டார் சீக்கிரம் வெந்துவிடும். நான்கு விநாடி, ஒரு நிமிடம் ஓய்வு, இதுதான் என் வழக்கம்.

எடுத்த பிறகு

எடுத்துவிட்டதோடு கவலை தீரவில்லை. லித்தியம் செல்லிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே மின்சாரம் எடுக்கலாம், உள்ளே தள்ளுவதுதான் ஆபத்து. சார்ஜ் ஆகும்போது செல்லின் எதிர்முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம், குளிரில் வேகம் போதாமல், அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் பெரும்பகுதி திரும்பி வராது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். இன்ஜின் எடுத்த அடுத்த விநாடியே ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணத் தொடங்கிவிடுமே!

என் வண்டியில் ஹெட்லைட்டுக்குத் தனி சுவிட்ச் உண்டு. எடுத்ததும் அதைப் போட்டுவிடுகிறேன். ஐடிலில் ஆல்டர்னேட்டர் தருவதில் பெரும்பகுதியை லைட்டே தின்றுவிடுகிறது. மீட்டர் 13.3-ஐச் சுற்றியே நிற்கிறது, பேட்டரிக்குள் அதிகம் போவதில்லை. சோக் விடும் வரை அப்படியே, பிறகு நிதானமாகக் கிளம்பலாம். எல்லாரும் எடுக்கும் முன் போடும் லைட்டை நான் எடுத்த பின் போடுகிறேன்.

சார்ஜரில் போடுவதானால் வீட்டுக்குள் கொண்டுவந்து, சூடான பிறகுதான். என் பழைய சார்ஜரில் லெட் ஆசிடின் சல்பேட்டைக் கரைப்பதற்கென்று அதிக வோல்டேஜ் துடிப்பு அனுப்பும் வசதி இருந்தது. அதை இந்தப் பேட்டரி பக்கம் கொண்டுபோகவில்லை.

ஆயில்

இது சின்ன விஷயம், பலன் பெரிது. 20டபிள்யூ-50 ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் கையேடு 10டபிள்யூ-40-ஐயும் அனுமதிக்கிறது. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் எவ்வளவு சிறியதோ, குளிரில் ஆயில் அவ்வளவு இளக்கம். மாற்றிவிட்டு அதே மைனஸ் 6-ல் அடித்தேன். முதல் அடி 9.3, இரண்டாவதில் எடுத்தது. பேட்டரி மேல் போட்ட பழியில் பாதி ஆயிலுடையது.

18 நாள் வண்டி நின்றது

வெளியூர் போய் வந்து பார்த்தால் மீட்டரில் 13.0 வோல்ட். லெட் ஆசிட் கண்ணுக்கு இது ஃபுல்லுக்கும் மேலே. லித்தியத்தில் அப்படியில்லை. வோல்டேஜ் கோடு மேஜை மாதிரி தட்டையாக ஓடி, கடைசியில் மலைமுகட்டிலிருந்து விழுவது போல் விழும். 13.3 என்றால் ஏறக்குறைய நிறைவு, 13.0 என்றால் மூன்றில் ஒரு பங்குதான் பாக்கி. வண்டியை நிறுத்திய நிலையில் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தேன்: கடிகாரமும் அலாரமும் சேர்ந்து 5 மில்லி ஆம்பியர். 8 ஆம்பியர் அவர் பேட்டரி இதை 66 நாள் தாங்கும். 3 ஆம்பியர் அவர் 25 நாளில் காலி. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் மொத்தமும் வடிந்து செல்லே கெட்டிருக்கும்.

அன்றைக்கே ஸ்பேனர் இல்லாமல் கையால் பிடுங்கக் கூடிய தடித்த கனெக்டர் ஒன்றை இரண்டு வயரிலும் போட்டேன். 70 ஆம்பியர் ஓடும்போது கனெக்டரில் 0.2 வோல்ட் குறைகிறது. பரவாயில்லை.

மைனஸ் 14

வேண்டுமென்றே குளிரில் விட்டுப் பார்த்தேன். முதல் அடியில் ரிலே துடித்தது. ஒரு நிமிடம் லைட், பிறகு ஐந்து முறை அடித்தேன். கடைசியில் ஒரு முழுச் சுற்று வந்தது, அவ்வளவுதான். மோட்டார் உடம்பைத் தொட்டால் கை சுட்டது. அன்றைக்கு நடைதான்.

அன்று ராத்திரி கனெக்டரைப் பிடுங்கி பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து அலமாரியில் வைத்தேன். காலையில் மைனஸ் 13. ஜாக்கெட்டின் உள்பாக்கெட்டில் பேட்டரியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். 'நெஞ்சுகிட்ட என்னடா புடைச்சுக்கிட்டு இருக்கு?' என்று அண்ணன் கேட்டார். ஷெட்டில் மாட்டி, சோக் இழுத்து, ஒரே அடி. 10.9 வோல்ட், மூன்று விநாடி, எடுத்துவிட்டது. ஓடும்போது எனக்குத் தெரியவே தெரியாத அந்த 2.2 கிலோ, கடைசியில் பாக்கெட்டில்தான் தெரிந்தது. 2.9 கிலோ ஆசிட் டப்பாவை யார் தினமும் சுமப்பார்கள்? இப்போது மைனஸ் 8-க்குக் கீழே போகும் என்றால் ராத்திரியே பிடுங்கிவிடுகிறேன்.

இன்னும் முடிக்காத வேலை

ஹேண்டில்பாரில் ஒரு குட்டி வோல்ட்மீட்டர் வைத்ததும் புதுத் தலைவலி. 3,000 ஆர்பிஎம்மில் 14.4, நல்லது. 5,000-ல் 14.7. இந்தப் பேட்டரிக்கு 14.6-தான் மேல் எல்லை, 15-ஐத் தாண்டினால் உப்ப ஆரம்பிக்கலாம். சார்ஜ் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வயரிங் படத்தைப் பார்த்தால், ரெகுலேட்டர் வோல்டேஜை மோப்பம் பிடிக்கும் வயர் இக்னிஷன் சுவிட்ச் வழியாக வருகிறது. பேட்டரிக்கும் அந்த வயருக்கும் நடுவே மீட்டர் வைத்தேன்: 0.3 வோல்ட் குறைகிறது. பேட்டரியில் 14.7 இருக்கும்போது பாவம் ரெகுலேட்டருக்குத் தெரிவது 14.4-தான், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. பழைய லெட் ஆசிட் இதை முணுமுணுக்காமல் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சுவிட்சைக் கழற்றி மேஜை மேல் வைத்திருக்கிறேன். உள்ளே செம்புத் தகடு இரண்டிலும் பச்சை பூத்திருக்கிறது.