ரயில் பெட்டியை வைத்து எலக்ட்ரீஷியன் பாடம் படித்த முறை

ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வின் இரண்டாம் கட்டத்தில் பாகம் பி முழுக்க டிரேடு, அதாவது ஐடிஐயில் படித்த தொழில்பிரிவுக் கேள்விகள். 75 கேள்வி, 60 நிமிடம், தேற 35 சதவீதம் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்த தம்பி தங்கைகள் பலர் இதற்கு ஒருவரி வினா விடைகளை மனப்பாடம் செய்கிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் அது கைகொடுக்காது. நான் தேறிய வழி வேறு. ஓடும் ரயிலில் எரிகிற விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே படித்தேன். தேர்வில் ரயில் பற்றிக் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் டிரேடு பாடத்தில் பெரும்பகுதி ஒரு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

தருமபுரி ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரத்தில் நின்றாலே நீல நிறப் பழைய பெட்டியின் அடிப்பாகம் தெரியும். அச்சு சுழல, பெல்ட் வழியாக ஆல்டர்னேட்டர் என்ற மின்னாக்கி சுழல்கிறது. அது தரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை ரெக்டிஃபயர் ரெகுலேட்டர் டிசி (நேர்திசை) ஆக்குகிறது. குளிர்சாதனம் இல்லாத பெட்டிக்கு 4.5 கிலோவாட், 120 வோல்ட், 37.5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். வண்டி நின்றால் அச்சு நிற்கும், அப்போது விளக்கையும் ஃபேனையும் பேட்டரி தாங்கும்.

குளிர்சாதனப் பெட்டிக்கு இது போதாது. அங்கே 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர் இரண்டு. 2 வோல்ட் செல் 56 வரிசையாகச் சேர்ந்து 112 வோல்ட். பேட்டரியை விட அதிக வோல்ட்டேஜ் கொடுத்தால்தான் சார்ஜ் ஏறும், அதனால்தான் சப்ளை 112-க்கு மேலே இருக்கிறது. கூரையில் உள்ள கம்ப்ரசருக்கு டிசி ஆகாது. இன்வெர்ட்டர் அதை 415 வோல்ட் மூன்று ஃபேஸாக மாற்றுகிறது. ரெக்டிஃபயர், செல் இணைப்பு, இன்வெர்ட்டர், இண்டக்ஷன் மோட்டார் என நான்கு அத்தியாயம் ஒரே பாதையில் முடிந்துவிட்டது.

அப்புறம் எல்ஹெச்பி எனப்படும் புது வகைச் சிவப்புப் பெட்டிகள். இதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். முன்பு வண்டியின் இரு முனையிலும் டீசல் ஜெனரேட்டர் பெட்டி இருக்கும். இப்போது பல வண்டிகளுக்கு எஞ்சினே மின்சாரம் தருகிறது. மேலே போகும் 25,000 வோல்ட் கம்பியிலிருந்து, எஞ்சின் கூரையில் அதைத் தொட்டுக்கொண்டு போகும் பாண்டோகிராஃப் எடுப்பதை டிரான்ஸ்பார்மர் குறைக்கிறது. டபிள்யூஏபி-7 என்ற மின்சார எஞ்சினில் 500 கேவிஏ கன்வெர்ட்டர்கள் இரண்டு அதை 750 வோல்ட் மூன்று ஃபேஸ் ஆக்கிப் பெட்டிகளுக்கு அனுப்புகின்றன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டிரான்ஸ்பார்மர் 415-க்கு இறக்குகிறது.

கடைசியில் 415 தான் வேண்டுமென்றால் எதற்கு 750? நீங்களே கணக்குப் போடுங்கள், மூன்று ஃபேஸ் என்பதால் வோல்ட்டை √3 (1.732) ஆல் பெருக்கி வகுக்க வேண்டும். 500 கேவிஏவை 750 வோல்ட்டில் அனுப்பினால் சுமார் 385 ஆம்பியர். 415-ல் அனுப்பினால் சுமார் 696. கேபிள் எவ்வளவு தடிக்கும், எவ்வளவு சூடாகும்! மின்கடத்தல் இழப்பு எனக்கு உறைத்தது இந்தக் கணக்கில்தான். மேல்கம்பியில் மின்சாரம் இல்லாத சிறு பகுதியான நியூட்ரல் செக்ஷனை எஞ்சின் கடக்கும்போது இந்த சப்ளை சற்று அறுந்து குளிர்சாதனம் நிற்கும், அவசர விளக்கு பேட்டரியில் எரியும். பயணத்தில் இதைக் கவனியுங்கள்.

ஹீட்டர் நம் ஊருக்குத் தேவைப்படாது. வடக்கே குளிர்காலத்தில் ஓடும் வண்டிகளுக்காகக் கூரை ஏசி யூனிட்டிலேயே அது இருக்கிறது. தருமபுரியில் நின்று போகும் கோவை–பெங்களூரு வந்தே பாரத்துக்குத் தனி எஞ்சின் கிடையாது, டிரான்ஸ்பார்மர் பெட்டிகளின் அடியிலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பார்ப்பது பிளாட்பாரத்திலிருந்து மட்டும்தான், தண்டவாளத்தில் இறங்கவே கூடாது.

வீட்டுக்கு வந்து இந்தப் பாதையை ஒரே தாளில் வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஏசியா டிசியா, எத்தனை வோல்ட், அந்தக் கருவி பழுதானால் எது நிற்கும் என்று எழுதுங்கள். சந்தேகம் வரும் இடத்தில் ஐடிஐ பாடநூல்களை வெளியிடும் நிமி நிறுவனத்தின் தமிழ் எலக்ட்ரீஷியன் புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அதன் பிறகு மாதிரி வினாத்தாளை எடுங்கள்.