லாரிக்கு அசையாத ஒளி

எங்கள் வீடு காசிமேட்டில், எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து ரெண்டு தெரு உள்ளே. ராத்திரியானால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும். மாடியில் லேசரையும் ரெண்டு கண்ணாடிகளையும் வைத்துக் குறுக்கீட்டு வரிகளை, அதாவது ரெண்டு ஒளியலைகள் சேரும்போது வரும் வெளிச்சமும் இருட்டுமான கோடுகளை, பார்க்கப் பல நாள் முயன்றேன். ஒவ்வொரு லாரிக்கும் வரிகள் துடித்துக் கலைந்துவிடும். லேசர் ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர்தான். கண்ணாடி அதில் பாதி நகர்ந்தாலே ஒரு வரி முழுசாகத் தள்ளிப் போகும்.

அப்புறம்தான் ஹான்பரி பிரவுன், ட்விஸ் என்ற ரெண்டு விஞ்ஞானிகளின் வழிக்கு மாறினேன். 1956இல் அவர்கள் சிரியஸ் விண்மீனின் கோண அளவைக் கண்டது அலைகளைச் சேர்த்து அல்ல. ரெண்டு இடத்தில் ஒளியின் ஏற்ற இறக்கத்தை அளந்து, அவற்றைப் பெருக்கி. ஃபோட்டான்கள் என்னும் ஒளித்துகள்கள் சேர்ந்து வருகின்றன என்று அது சொன்னதைப் பலர் நம்பவில்லை. 1963இல் இயற்பியலாளர் கிளாபர் அதற்கு முழுக் கோட்பாடு தந்தார். அதே வருஷம் நம் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த சுதர்சனும் அதைப் பற்றி எழுதினார். எனக்கு இதில் தனிப் பெருமை.

விண்மீன் ஒளியின் துடிப்பு மலிவான ஃபோட்டோடயோடுக்கு, அதாவது ஒளியை மின்சாரமாக்கும் சில்லுக்கு, எட்டாத வேகம். லேசரில் அதைப் போலியாக, மெதுவாகச் செய்யலாம். சிடி கட்டின் அடியில் வரும் வெறும் பிளாஸ்டிக் தட்டை உப்புத்தாளால் தேய்த்து, பழைய சிடி மோட்டாரில் சுற்றவிட்டேன். சுவரில் கேழ்வரகு தூவியது போல் சிவப்புப் பொட்டுகள் ஊர்ந்தன. ஒளியை ஒரு கண்ணாடித் துண்டால் ரெண்டாகப் பிரித்து, ரிச்சி தெருவில் வாங்கிய ரெண்டு டயோடுகளில் விழவைத்தேன்.

ரெண்டு அளவுகளையும் பெருக்கிச் சராசரி எடுத்து, அதைத் தனித்தனிச் சராசரிகளின் பெருக்கத்தால் வகுத்தேன். முதலில் வந்தது 1.05. தட்டு இல்லாத வெறும் லேசருக்கே 1 வரும். முழுசாக ஒத்துத் துடித்தால் 2. டயோடு ஒரே நேரத்தில் பல பொட்டுகளை வாங்கிச் சராசரியாக்கிவிடுகிறது என்று புரிய மூன்று நாள் ஆனது. அலுமினியத் தாளில் ஊசியால் துளையிட்டு டயோடு மேல் ஒட்டினேன். 1.78! வெளியே லாரி போய்க்கொண்டே இருந்தது, எண் அசையவில்லை.

"மாமா, 1க்குக் கீழே கொண்டு வர முடியுமா?" என்றான் அக்கா மகன்.

லேசரால் முடியாது. ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக விடும் அணு வேண்டும். 1977இல் சோடியம் அணுக்களில் அதைப் பார்த்தார்கள். ரெண்டு டயோடும் ஒரே அளவைக் காட்டினால் பெருக்கம் வர்க்கமாகிவிடும். அவனிடம் அந்த அளவுகளை 1, 3 என்று எழுதிக் காட்டினேன்: வர்க்கங்களின் சராசரி 5, சராசரியின் வர்க்கம் 4. வகுத்தால் 1.25.

நம்பாமல் நோட்டில் ஒரு பக்கம் முழுக்க வேறு எண்களைப் போட்டுப் பார்த்தான். ஒன்றுகூட 1க்குக் கீழே இறங்கவில்லை.